கோல் போட்டவர் கோச் ஆகலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. சென்னை கால்பந்து லீக்கில் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தேன். போன வருடம் வலது முழங்காலில் லிகமென்ட் கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே அதே இடத்தில் மறுபடியும் கிழிந்துவிட்டது. இனிமேல் போட்டிகளில் ஆடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிளப் செயலாளர், 13 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குக் கோச்சாக வரச் சொல்கிறார். ஆறுதல் பரிசு கொடுக்கிற மாதிரி இருக்கிறது. கோல் போடுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. நல்ல ஃபார்வர்டு நல்ல கோச் ஆக மாட்டான் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். சாயங்காலமானால் கிரவுண்டு பக்கம் போகவே மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பிரையன் கிளஃப் ஞாபகம்தான் வந்தது. இங்கிலாந்துக்காரர், உங்களைப் போலவே ஃபார்வர்டு. மிடில்ஸ்பரோவில் பிறந்து, அந்த ஊர் அணிக்கே ஆடியவர். அப்புறம் சண்டர்லேண்டுக்குப் போனார். லீக் ஆட்டங்களில் மட்டும் அவர் கணக்கு 274 ஆட்டம், 251 கோல். ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் டிவிஷனில் போட்டவை என்றாலும், ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோல் என்கிற அளவில் வருடக்கணக்காக ஆடுவது லேசான காரியமில்லை.

1962 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நல்ல குளிர், தரை இறுகிக் கிடக்கிறது. பெரி அணியோடு ஆட்டம். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய கிளஃப், எதிரணி கோல்கீப்பர் மீது மோதி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அவன் நடிக்கிறான் என்று எதிரணியில் ஒருவர் நடுவரிடம் சொன்னது தன் காதில் விழுந்ததாகப் பின்னாளில் கிளஃப் சொன்னார். அந்த மனிதரை அவர் கடைசிவரை மன்னிக்கவே இல்லை. முழங்காலில் சிலுவைத் தசைநார் அறுந்திருந்தது. உங்களுக்கு இன்றைக்கு இருக்கிற அறுவை சிகிச்சை அன்றைக்குக் கிடையாது. அப்போது அவருக்கும் உங்கள் வயதுதான், 27. ஒன்றரை வருடத்துக்கு மேல் போராடி 1964இல் திரும்பி வந்து, முதல் டிவிஷனில் மூன்றே மூன்று ஆட்டம் ஆடினார், ஒரு கோல் போட்டார். அதோடு சரி.

இங்கேதான் உங்கள் கதையோடு ஒட்டுகிறது. சண்டர்லேண்ட் மேனேஜர் ஜார்ஜ் ஹார்ட்விக், அவரிடம் இளைஞர் அணியை ஒப்படைத்தார். கிளஃபும் மனம் வெறுத்துப்போய்த்தான் இருந்தார். ஆனாலும் போனார். போனதும், சும்மா மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிற வழக்கத்தைக் குறைத்துவிட்டு, பந்தைக் கொடுத்துச் சின்னச் சின்ன ஆட்டங்கள் ஆடவைத்தார். பையன்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தனக்கு இது வரும் என்று அவருக்குத் தெரிந்தது அங்கேதான்.

சரி, நண்பர்கள் சொல்வதற்கு வருவோம். ஃபார்வர்டுக்குக் கோல் மட்டும்தான் தெரியும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்னால் நிற்கிறவனுக்குத்தான் பின்னால் நடக்கிற தப்பு எல்லாம் வலிக்கும். 1960 அக்டோபரில் சார்ல்டனுக்கு எதிராக மிடில்ஸ்பரோ ஆறு கோல் போட்டது. அதில் மூன்று கிளஃப் போட்டவை. ஆட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? ஆறுக்கு ஆறு, டிரா! இவர் அந்தப் பக்கம் அடித்துக்கொண்டே இருக்க, சொந்த டிஃபென்ஸ் இந்தப் பக்கம் விட்டுக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் மேனேஜரானதும் முதலில் எதைச் சரிபண்ணியிருப்பார்? டார்பி கவுன்டிக்கு வந்த முதல் வருடமே, கீழ் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த ராய் மெக்ஃபார்லாண்ட் என்ற 19 வயது டிஃபென்டரின் வீட்டுக்கு ராத்திரியில் போய், தூக்கத்திலிருந்து எழுப்பிக் கையெழுத்து வாங்கினார். அடுத்த வருடம், எல்லாரும் முடிந்துபோனவர் என்று நினைத்த டேவ் மெக்கேயை 33 வயதில் கூட்டிவந்து பின்வரிசையில் நிறுத்தினார். நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டில் பீட்டர் ஷில்டன் என்ற கோல்கீப்பருக்குப் பெரிய தொகை கொடுத்தார். 1977-78இல் ஃபாரஸ்ட் சாம்பியன் ஆனபோது 42 ஆட்டத்தில் எதிரணிகளிடம் வாங்கியது வெறும் 24 கோல். 1979இல் மால்மோவையும் 1980இல் ஹாம்பர்க்கையும் தோற்கடித்து, கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை இரண்டு தடவை தூக்கினார்கள். இரண்டு இறுதி ஆட்டமும் 1-0. வாழ்நாளெல்லாம் கோல் அடித்தவர் கட்டிய அணி, ஒரு கோலே போதும் என்று ஆடியது. ஃபார்வர்டாக அவர் பட்ட பாடுதான் அங்கே உதவியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சின்னப் பையன்களுக்குச் சொல்லித்தருவது ஆறுதல் பரிசு என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தம்தான். 1965 அக்டோபரில், 30 வயதில், கிளஃப் முதன்முதலாக மேனேஜரானது ஹார்ட்டில்பூல் என்ற அணிக்கு. நாலாவது டிவிஷனின் அடிமட்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த அணி, கையில் காசும் கிடையாது. அணியின் பஸ்ஸை ஓட்டுவதற்கு அவரே லைசென்ஸ் எடுத்தார், தொழிலாளர் மன்றங்களுக்குப் போய்ப் பேசிப் பணம் திரட்டினார். அங்கே ஜான் மெக்கவர்ன் என்று ஒரு பையன், 16 வயதில் அவரிடம் முதல் ஆட்டம் ஆடினான். வேகம் கிடையாது, ஓடுகிற விதமும் பார்க்க அழகாக இருக்காது. அப்புறம் கிளஃப் மூன்று அணிகளுக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போனார். டார்பி, லீட்ஸ், கடைசியில் ஃபாரஸ்ட். அந்த இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளையும் கேப்டனாக வாங்கிக்கொண்டது அதே மெக்கவர்ன்தான். உங்கள் கிளப்பில் வரிசையில் நிற்கிற 12 வயதுப் பையன்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, ஆறுதல் பரிசா என்று சொல்லுங்கள்.

ஆனால் கிளஃபை அப்படியே பின்பற்றுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆட்டம் போன துக்கத்தை அவர் வெளியே பேசித் தீர்த்துக்கொண்டவரில்லை. அடிபட்ட காலத்தில் குடிக்க ஆரம்பித்தார், அது வளர்ந்து, 2003இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விட்டது. மறு வருடம் காலமானார். மனதில் கிடந்த கோபம் வேலையிலும் வெளிப்பட்டது. 1974இல் லீட்ஸுக்குப் போனதும், அந்த வீரர்கள் வாங்கிய மெடல்களையெல்லாம் தூக்கி எறியச் சொன்னார், ஏமாற்றி ஜெயித்தவை என்று முகத்துக்கு நேராகவே சொல்லி. 44 நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் கிரவுண்டு பக்கம் போகப் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது பல மாதமாக நீடித்தால், தூக்கம் கெட்டால், தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். காலுக்கு டாக்டரிடம் போன மாதிரிதான் இதுவும். வீட்டிலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள் தம்பி, உங்களுக்குப் போனது சின்ன விஷயமில்லை.

லீட்ஸில் இன்னொன்றும் குறைந்தது. உதவியாளராகக் கூடவே இருந்த பீட்டர் டெய்லர் அங்கே வரவில்லை. டெய்லர் மிடில்ஸ்பரோவில் கோல்கீப்பராக இருந்தவர். கிளஃபை அணியில் யாரும் பெரிதாக மதிக்காத காலத்தில் இவன் பெரிய ஆட்டக்காரன் என்று முதலில் சொன்னவர். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் டெய்லருக்குக் கண், ஆளைத் தட்டி எழுப்புவதில் கிளஃபுக்கு வாய். டார்பியில் 1972 சாம்பியன் பட்டமும் ஃபாரஸ்ட்டில் இரண்டு ஐரோப்பியக் கோப்பையும் இருவரும் சேர்ந்திருந்தபோது வந்தவை. 1983இல், கிளஃபின் ஃபாரஸ்ட்டில் ஆடிய ஜான் ராபர்ட்சன் என்ற வீரரை, அப்போது டார்பி மேனேஜராக இருந்த டெய்லர் தன்னிடம் சொல்லாமல் வாங்கிவிட்டார் என்று கிளஃப் கோபப்பட்டு, இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. 1990இல் டெய்லர் இறக்கும்வரை அவர்கள் பேசவே இல்லை. கிளஃப் அதற்காக ரொம்ப வருந்தினார். அவ்வளவு பெரிய நட்பு ஒரு டிரான்ஸ்ஃபரில் உடைந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது கஷ்டப்படுகிறது.

அதனால் செயலாளரிடம் சரி என்று சொல்லுங்கள், ஆனால் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு சொல்லுங்கள். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் ‘டி’ லைசென்ஸ் வகுப்புக்கு உங்களை அனுப்ப வேண்டும், கட்டணத்தை கிளப் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரண்டாவது, தனியாக வர மாட்டேன், கூட ஒருவர் வேண்டும் என்று சொல்லுங்கள். உங்களோடு ஆடிய பழைய கோல்கீப்பரோ டிஃபென்டரோ யாராவது இருப்பார். உங்கள் முகத்துக்கு நேராக ‘நீ சொல்றது தப்பு’ என்று சொல்லக்கூடிய ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். ஒரு சீசன் பாருங்கள். அதற்குப் பிறகும் கிரவுண்டு கசந்தால் விட்டுவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்போது எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.