கை நிதானம், கண் கூர்மை: எந்த ஃபினிஷிங் வேலை சரிவரும்?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து, கோவையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்க்கிறான். அரம் பிடித்தால் பிசிறு இல்லாமல் முடிப்பான். ஆனால் ‘ஒரு பீஸுக்கு இவ்வளவு நேரமா’ என்று தினமும் திட்டு வாங்குகிறான். பாலிஷ், பெயின்ட், பிளேட்டிங் பக்கம் போகலாமா என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் பீஸ் கணக்கில் கூலி தரும் பஃபிங் (சுழலும் துணிச் சக்கரத்தில் பளபளப்பாக்கும்) பட்டறைக்கு மட்டும் வேண்டாம். அங்கேயும் இதே திட்டுதான் விழும். ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் பெரிய நஷ்டம் என்கிற இடத்தில்தான் நிதானத்துக்கு மதிப்பு.

அப்படிப்பட்ட வேலைகளில் என் முதல் தேர்வு மோல்டு பாலிஷிங். கார் ஹெட்லைட்டின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி ஒரு எஃகு அச்சில்தான் வார்க்கப்படுகிறது. அச்சில் ஒரு கோடு இருந்தால், வருகிற ஒவ்வொரு மூடியிலும் அந்தக் கோடு இருக்கும். மெஷினிலிருந்து வந்த அச்சை 320, 400, 600 என்று (எண் கூடக் கூடப் பரு சிறிதாகும்) தேய்ப்புக் கற்களால் படிப்படியாகத் தேய்த்து, பிறகு வைரத்தூள் கலந்த டயமண்ட் பேஸ்ட்டுக்கு வருவார்கள். கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பேஸ்ட் வரை போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தேய்க்கும் திசையை மாற்றி, முந்தைய கோடுகள் முழுக்க மறைந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அதற்கு முன் அச்சையும் கையையும் கழுவுவது கட்டாயம். முந்தைய கட்டத்தின் ஒரே ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டியதுதான். அவசரப்பட்டு அழுத்தினால் எஃகுப் பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். விளிம்பு மழுங்கினால் வார்ப்பில் பிசிறு தள்ளும். ஃபிட்டர் படிப்போடு, அச்சுகளைச் செய்து பழுதுபார்க்கும் டூல் ரூமில் உதவியாளராகச் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். மேலே படிக்க விரும்பினால் சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிளாஸ்டிக் மோல்டு தொழில்நுட்பத்தில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது.

பிளேட்டிங், அதாவது முலாம் பூசும் பக்கம் போவதென்றால், தொட்டியில் பீஸ் மாட்டும் வேலையைவிட சோதனைப் பக்கம் அவருக்குப் பொருந்தும். நிக்கல் கரைசலில் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 4-ஐ ஒட்டியும், சூடு 50 முதல் 60 டிகிரியும் இருக்க வேண்டும். ஹல் செல் என்ற 267 மி.லி. தொட்டியில் ஒரு பித்தளைத் தகட்டுக்குச் சில நிமிடம் முலாம் ஏற்றி, எந்த ஓரம் கருகியிருக்கிறது, எந்த ஓரம் மங்கியிருக்கிறது என்று பார்த்தே கரைசலின் குறையைக் கண்டுபிடிப்பார்கள். வேதியியலில் ஆர்வம் இருந்தால் நல்ல பாதை.

பெயின்ட் பக்கம் என்றால், பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைக்கும் பவுடர் கோட்டிங்கில் தர ஆய்வைக் கேட்டுப் பாருங்கள். பூச்சு பெரும்பாலும் 60 முதல் 80 மைக்ரான் இருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பது, கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி உரித்துப் பிடிப்பைச் சோதிப்பது போன்றவை அங்கே அன்றாட வேலை.

உடம்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். குரோம் தொட்டியிலிருந்து எழும் ஆறிணைதிறக் குரோமிய (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) புகை புற்றுநோய் தரக்கூடியது. கார் பெயின்ட் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்; துணி மாஸ்க் இதைத் தடுக்காது. தொட்டியோரம் புகை உறிஞ்சும் அமைப்பு இல்லையென்றால், இரட்டைச் சம்பளம் என்றாலும் சேர வேண்டாம்.

டூல் ரூமுக்கு நேர்காணல் போகும்போது, சான்றிதழோடு அவர் கையால் முடித்த ஒரு பீஸையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். மேஸ்திரி அதைத்தான் முதலில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்.