ஹாஸ்டல் ஸ்கூல் சீட்டுக்கு ஏஜென்டிடம் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். மகள் அரசுப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கப் போகிறாள், நன்றாகப் படிப்பாள். கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். தஞ்சாவூரில் ஒரு கல்வி ஆலோசகர் இந்த ஜூனிலேயே அமராவதிநகர் சைனிக் பள்ளியில் கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறேன், அது தவறினால் ஊட்டியில் ஒரு பெரிய பள்ளியில் கட்டாயம் சீட் என்கிறார். எண்பதாயிரம் கேட்கிறார், பாதி இப்போதே. அசல் சான்றிதழ்களையும் கேட்கிறார். சம்பா நெல் போட்ட பணம் கையில் இருக்கிறது. கொடுக்கலாமா? நல்ல ஆலோசகரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அந்த அட்வான்ஸ் கை மாறக் கூடாது.

சைனிக் பள்ளி என்பது ராணுவ அதிகாரியாகப் பிள்ளைகளைத் தயார் செய்யும் உறைவிடப் பள்ளி. அமராவதிநகர் போன்ற பழைய சைனிக் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு சேர ஒரே வழிதான், தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வு. பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடும். உங்கள் மகள் அந்தத் தேர்வை எழுதியதாக நீங்கள் எழுதவே இல்லை. எழுதாத பிள்ளைக்கு ஜூனில் சீட் என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அவர் பொய் சொல்கிறார், இதில் நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை. கோட்டா என்று அவர் சொல்வதும் அப்படித்தான். இடங்களில் 67 சதவீதம் பள்ளி இருக்கும் மாநிலப் பிள்ளைகளுக்கு, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இட ஒதுக்கீடு, பெண் பிள்ளைகளுக்கு 10 சதவீதம் அல்லது 10 இடம் என்று எல்லாம் அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும். எல்லாமே தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, அந்தப் பட்டியலில் வந்தால்தான். ஏஜென்டுக்கு என்று தனியாக ஒரு கதவு அங்கே கிடையாது. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில்தான் இவர்கள் ஊர் ஊராக வருகிறார்கள், அப்போது பெரும்பாலும் தேர்வே முடிந்திருக்கும்.

இன்னொரு வித்தையும் இருக்கிறது. 2021-ல் மத்திய அமைச்சரவை தனியார் பள்ளிகள், தொண்டு நிறுவனங்களோடு கூட்டாக 100 புதிய சைனிக் பள்ளிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பெயரைக் காட்டி, இப்போது ஒரு தனியார் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், பின்னால் அதுவே சைனிக் ஆகிவிடும் என்பார்கள். அந்தப் பேச்சை நம்பி ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

சரி, ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, உங்களுக்குப் பணம் தருவது நானா, பள்ளியா என்பதுதான். நான் பல ஆண்டுகள் ஒரு உறைவிடப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவன். பெற்றோர் நிரப்பிக் கொண்டுவரும் விண்ணப்பத்தின் மேல் மூலையில் சின்னதாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், ஒரு பெயரும் ஒரு எண்ணும். பெற்றோர் அதைப் பார்த்தாலும் அலுவலக முத்திரை என்றே நினைத்துக்கொள்வார்கள். முதல் ஆண்டுக் கட்டணம் கட்டிய பிறகு அந்த எண்ணுக்கு உரியவருக்கு ஒரு பங்கு போகும். அதே ஆள் பெற்றோரிடமும் வாங்கியிருப்பார். இப்படி இரண்டு பக்கமும் வாங்குகிறவர் உங்கள் மகளுக்கு எந்தப் பள்ளி பொருந்தும் என்று பார்க்க மாட்டார், எது அதிகம் கொடுக்கும் என்றுதான் பார்ப்பார். எத்தனையோ நல்ல பிள்ளைகள் தங்களுக்கு ஒவ்வாத ஹாஸ்டலில் அழுதுகொண்டு ஒரே வருடத்தில் ஊர் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய தனிக் கல்வி ஆலோசகர்கள் சங்கம் ஒன்று உண்டு, பிள்ளையை அனுப்புவதற்காகப் பள்ளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது அதன் உறுப்பினர்களுக்கு விதி. இங்கே அப்படி ஒரு விதியும் இல்லை, உரிமமும் இல்லை. டீக்கடை வைக்கவே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, ஒரு பிள்ளையின் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை விலை பேசுகிறவருக்கு எந்தப் பதிவும் வேண்டாம். மத்திய அரசு நடத்தும் இலவச உறைவிடப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நம் டெல்டாவில் இருப்பது காரைக்காலில் மட்டும், அதுவும் அந்த மாவட்டத்திலேயே வசித்து அங்கேயே ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு. காரைக்கால் முகவரி ஒன்று தயார் பண்ணித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், பின்னால் மாட்டிக்கொள்வது பிள்ளைதான். அரசு ஒரு வாசலைத் திறந்து வைக்காததால்தான் இத்தனை புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

நல்ல ஆலோசகர் சீட்டுக்குப் பணம் கேட்க மாட்டார், பேசும் நேரத்துக்கும் செய்யும் வேலைக்கும் கேட்பார், ரசீது தருவார். பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசாமல் எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்ல மாட்டார். இந்தப் பள்ளி வேண்டாம், உள்ளூரிலேயே படிக்கட்டும் என்று சொல்லக்கூடிய தைரியமும் இருக்க வேண்டும். உங்களிடம் பேசியவர் மகளைப் பார்த்தாரா என்று யோசித்துப் பாருங்கள். ஊட்டி பக்கம் லவ்டேல் லாரன்ஸ், ஆந்திராவில் மதனப்பள்ளி ரிஷிவேலி போன்ற பெயர்பெற்ற பள்ளிகள் நேரடியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன, பிள்ளையைச் சோதித்தே சேர்க்கின்றன. அங்கே கட்டாயம் சீட் என்று வெளியாள் சொல்ல வழியே இல்லை. டொனேஷன் என்று தனியாகக் கேட்டால், கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது, வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. எத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு சூழலில் மட்டும் ஆலோசகருக்குக் காசு கொடுப்பது நியாயம் என்பேன், உங்கள் கணவர் சிங்கப்பூரில் இருப்பதால் சொல்கிறேன். பிள்ளை அங்கேயே படித்துவிட்டுத் திரும்பி வந்தால் கதை வேறு. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நமக்கு ஜூனில். எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதிலேயே பள்ளிக்குப் பள்ளி ஒரு பதில் வரும். தமிழ் எவ்வளவு தெரியும், கணக்குப் பாடம் எங்கே நிற்கிறது, சிபிஎஸ்இ-க்குப் போவதா வேறு பாடத்திட்டமா என்று பார்க்க அனுபவம் வேண்டும், அப்பா அம்மா இருவரும் வெளிநாட்டில் இருந்தால் பள்ளியை நேரில் போய்ப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். அப்படி ஒருவரைப் பிடித்தாலும் முன்பு சொன்ன முதல் கேள்வியைக் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். இங்கேயே படித்த உங்கள் மகளுக்கு இது எதுவும் தேவையில்லை.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், டி.சி. எதையும் அசலாக யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்கவே மீதிப் பணத்தைக் கட்ட வேண்டி வரும், அதற்குத்தான் கேட்கிறார்கள். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது உங்கள் செல்போன் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும் மட்டுமே இருக்க வேண்டும். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஓ.டி.பி. அவருக்குத்தான் வரும், ஹால் டிக்கெட், மதிப்பெண், கலந்தாய்வில் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எல்லாமே அவர் கையில் போய்விடும்.

மகள் வயது இடம் கொடுத்தால் அடுத்த தேர்வை எழுதட்டும். சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தேர்வாகிப் போனால் அங்கே ஆறாவதிலேயே சேர வேண்டியிருக்கும், ஒரு வருடம் போகிறது என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். 300 மதிப்பெண்ணில் 150 கணக்குக்கு மட்டும், தமிழிலேயே எழுதலாம். அறிவிப்பு எப்போது வரும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரிவதில்லை, 2025-ல் தேர்வு ஏப்ரல் 5-க்குப் போனது. ஒரு பத்து வயதுப் பிள்ளை எந்த மாதத்தைக் குறிவைத்துப் படிக்கும் என்று டெல்லியில் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. அதனால் ஆடி முடிந்ததும் தேர்வு முகமையின் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பதானால் நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வராதவர் என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அதையும் இருப்பிடச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் இந்த மாதமே போட்டு வையுங்கள், கடைசி நேரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் நிற்கிறார்கள்.