பெருஞ்சத்தத்திலிருந்து உட்செவிச் செல்களைக் காக்க மாத்திரை இருக்கிறதா?

இசைக் கச்சேரிக்கு முன் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் காது தப்பித்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செவித்திறனைப் பரிசோதிப்பது என் தொழில். அப்படி அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை.

ஆனால் நீங்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு காதின் காக்ளியாவிலும் (நத்தை ஓடு போன்ற உட்செவி உறுப்பு) ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்வரிசையில் இருக்கும் சுமார் 3,500 செல்கள்தான் ஒலியை நரம்புக்குக் கொடுக்கின்றன. மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருவது வெளிவரிசை. இரைச்சலுக்கு முதலில் பலியாவதும் அதுதான். வெடிச்சத்தம் செல்களை அந்த நொடியிலேயே சிதைத்துவிடும். நீடித்த இரைச்சலோ செல்களை ஓயாமல் உழைக்கவைத்து, அவற்றுக்குள் ஆக்சிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. சத்தம் நின்ற பிறகும் பல நாட்களுக்குச் செல்கள் மடிந்துகொண்டிருக்கும். அந்த அவகாசத்தில் புகுந்து காப்பாற்ற முடியுமா என்றுதான் அசிட்டைல்சிஸ்டீன், எப்செலன், மக்னீசியம் ஆகியவற்றைப் பரிசோதித்து வருகிறார்கள். விலங்குகளிடம் கண்ட பலன் மனிதர்களிடம் அதே உறுதியோடு கிடைக்கவில்லை. 2022இல் அமெரிக்கா அனுமதித்த சோடியம் தயோசல்ஃபேட் ஊசி, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் குழந்தைகளின் செவித்திறன் பாதிக்கப்படுவதைக் குறைப்பதற்கானது, இரைச்சலுக்கு உரியதல்ல. 'செவி நலம்' என்று விளம்பரப்படுத்தப்படும் சத்து மாத்திரைகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். மடிந்த மயிர்ச் செல் பறவைகளுக்கு மறுபடி முளைக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"காது அடைத்தது, மறுநாள் சரியாகிவிட்டது" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. செவி ஆய்வாளர்களான குஜாவாவும் லிபர்மனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளின் கேட்கும் அளவு பழையபடி திரும்பியிருந்தது, மயிர்ச் செல்களும் பிழைத்திருந்தன; ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் சந்திகளில் கணிசமானவை நிரந்தரமாக அழிந்திருந்தன. வழக்கமான செவிப் பரிசோதனையில் இத்தகைய சேதம் சிக்காமல் போகலாம்.

ஆகவே சத்தம் உள்ளே போகாமல் தடுப்பதுதான் வழி. 85 டெசிபலை 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது தொழிலிடங்களுக்கான பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ஒலிபெருக்கியிலிருந்து விலகி நில்லுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். நுரைக் காதடைப்பானைப் பலர் காது வாசலில் செருகிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதை ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பஞ்சு பயன்படாது.

பெருஞ்சத்தத்துக்குப் பிறகு திடீரென்று கேட்காமல் போனாலோ, காதுக்குள் இரைச்சல் அடங்காமல் இருந்தாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு ஸ்டீராய்டு தருவார்கள். அதைத் தள்ளிப்போடாமல் தொடங்குவதே நல்லது.