பத்து வருடமும் பாஸே கொம்போஸேயும்

அன்புள்ள சார்,

பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் பி1 தேர்வுக்குப் படிக்கிறேன். கட்டுரையில் இறந்தகாலம் வந்தாலே தப்பு விழுகிறது. முடிந்த செயலுக்கு பாஸே கொம்போஸே, நீண்டு நடந்ததற்கு எம்பார்ஃபே என்று இரண்டு இறந்தகால வடிவங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் 'லியோனில் பத்து வருடம் வசித்தேன்' என்பதற்கு பாஸே கொம்போஸே வருகிறது. பத்து வருடம் நீளம் இல்லையா? அப்புறம், பெயர்ச்சொல்லின் பாலை எப்படி நினைவில் வைப்பது? 'இல்லை' என்று மறுக்கும்போது வினைச்சொல்லுக்கு முன் வரும் 'ந'வைப் படங்களில் யாரும் சொல்வதே இல்லையே, நான் சொல்ல வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குழப்பம் அந்த விதியால் வந்தது. எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. 1337 முதல் 1453 வரை நடந்த நூற்றாண்டுப் போர் 116 வருடம் நீடித்தது என்று சொல்லவும் பாஸே கொம்போஸேதான். ஆரம்பமும் முடிவும் சேர்த்து முழுசாகச் சொல்கிறீர்களா, இல்லை அந்தக் காலத்துக்குள் நின்று பேசுகிறீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 'பத்து வருடம்' என்று அளவு சொன்னதுமே எல்லை கட்டியாயிற்று, அதனால் 'ழே அபித்தே'. அதே பத்து வருடத்தை 'லியோனில் வசித்தபோது ஒரு நண்பரைச் சந்தித்தேன்' என்று சொல்லுங்கள், வசித்தது பின்னணிக்குப் போய் 'ழபித்தே' என்று எம்பார்ஃபே ஆகிவிடும், சந்தித்தது மட்டும் பாஸே கொம்போஸே.

நம் ஆட்கள் பலர் எம்பார்ஃபே என்றதும் 'கொண்டிருந்தேன்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான். 'குளிராக இருந்தது', 'அப்போது எனக்குப் பத்து வயது' இவற்றில் கொண்டிருந்தது எங்கே இருக்கிறது? இரண்டுமே எம்பார்ஃபே. 'சின்ன வயதில் ஞாயிறுதோறும் பாட்டி வீட்டுக்குப் போவோம்' என்று பழைய வழக்கத்தை நாம் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம் பாருங்கள், அந்தப் 'போவோம்' வரும் இடமும் எம்பார்ஃபேதான். எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி இது: 'பயமாக இருந்தது' என்றால் 'ழவே பர்', திடீரென்று 'பயம் வந்துவிட்டது' என்றால் 'ழே யூ பர்'. அதேபோல 'எனக்கு முன்பே தெரியும்' என்பது 'ழ சவே', 'தெரியவந்தது' என்பது 'ழே சூ'. கட்டுரை எழுதும்போது, இது ஏற்கெனவே இருந்த நிலையா, புதிதாக நடந்த ஒன்றா என்று ஒவ்வொரு வினைச்சொல்லையும் கேளுங்கள், பெரும்பாலான தப்புகள் போய்விடும்.

பால் விஷயத்தில் சொல்லை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். பெயர்ச்சொல்லுக்கு முன் ஆண்பாலில் 'ல', பெண்பாலில் 'லா' என்று வரும் சொற்கள் இரண்டுமே, உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ல்' என்று சுருங்கிப் பாலை மறைத்துவிடும். அதனால் 'ஒரு' என்பதற்கு ஆண்பாலில் வரும் 'அன்', பெண்பாலில் வரும் 'யூன்' சேர்த்தே படியுங்கள். 'சியோன்' என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால், 'ஆழ்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால், ஆனால் கடற்கரையைச் சொல்லும் 'பிளாழ்', படத்தைச் சொல்லும் 'இமாழ்' இரண்டும் பெண்பால்.

'ந' பற்றி: பேச்சில் அவர்கள் விழுங்குவது உண்மை, 'எனக்குத் தெரியாது' என்னும் 'ழ ந சே பா' கடைசியில் 'ஷே பா' என்றே ஆகிவிடுகிறது. கேட்டால் புரிந்துகொள்ளப் பழகுங்கள். தேர்வுக் கட்டுரையில் மட்டும் ஒரு இடத்திலும் விடாதீர்கள்.