கேள்வி – பதில்: பூட்டிய வீடும் போனில் அலாரமும்

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்காக நானும் இவரும் கொழும்பில் நிற்கிறோம். ஊர் வீட்டில் அலாரம் இருக்கிறது. ஃபைபர் இணைப்பு இருந்த காலத்தில் போனிலிருந்தே அதைப் பார்ப்பேன், போடுவேன், நிறுத்துவேன். அலாரம் பூட்டிய தம்பி ரவுட்டரில் போர்ட் என்று, வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசலைத் திறந்துவிட்டிருந்தார். சிம் போடுகிற 4ஜி ரவுட்டருக்கு மாறியதிலிருந்து போனில் ஒன்றும் வருகிறதில்லை. மாதக் காசு கட்டி நிலையான ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, எடுத்தால் சரிவரும் என்கிறார் அந்தத் தம்பி. எடுக்கட்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுவான்கரையில் ஓர் ஊர்

பதில்: ரீச்சர், உங்கள் பெயரையும் ஊரையும் வெட்டிவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஒழுங்கைப் பெயரோடு எழுதியிருந்தீர்கள்! பேரப்பிள்ளையின் படத்தை முகநூலில் போடுவதையும் ஊருக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையான ஐபி எடுக்க வேண்டாம். காசுக்காகச் சொல்லவில்லை.

உங்கள் போன் ஏன் வீட்டைக் காணவில்லை என்று முதலில் சொல்கிறேன். உலகத்தில் பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். அது எப்போதோ போதாமல் போய்விட்டது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரு முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஒரே கேற்றுக்குள் நூறு வீடு இருந்தால் தபால்காரர் கேற்றடியில் நின்றுவிடுவார் அல்லவா, அந்தக் கதைதான். தம்பி உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வருவது அதுவரை வந்து சேராது. சோதிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் (Status) இணையத்தை நோக்கிய ஐபி (WAN IP) என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். 10 இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையான எண்ணாக இருந்தாலோ நீங்கள் கேற்றுக்குள்தான் இருக்கிறீர்கள். இந்த 100.64 வரிசையை 2012 இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள்.

போர்ட் வழி அடைபட்டது நல்லதாய்ப் போயிற்று என்பேன். நிலையான ஐபி எடுப்பது அந்த வழியை மறுபடி திறப்பதற்குத்தான். திறந்த போர்ட் உங்களுக்கு மட்டும் திறந்திருப்பதில்லை. முழு இணையத்தையும் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கிற நிரல்கள் இருக்கின்றன. 2016 இல் மிராய் என்ற ஒன்று கமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. அதனிடம் இருந்த ஆயுதம் ஆலையிலிருந்து வரும்போதே போட்டிருக்கும் அறுபது சொச்சப் பெயர்–கடவுச்சொல் சோடிகள் மட்டும்தான். அந்த வருடம் ஒக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி இணையத்தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடிக் கொடுக்கிற ஒரு பெரிய சேவையை முடக்கினார்கள். அமெரிக்காவில் பலருக்கு ருவிற்றரும் நெற்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சண்டைக்காகத் தொடங்கிய இளந்தாரிகள். அலாரப் பெட்டியிலும் இதே வியாதி உண்டு. என் மேசைக்கு வருகிற பெட்டிகளில், அலாரத்தைப் போடவும் நிறுத்தவும் அழுத்துகிற பயனர் எண் இன்னமும் 1234 ஆகத்தான் இருக்கும். அலாரம் பூட்டுகிறவருக்கென்று தனி எண் ஒன்று இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. அதுவும் கையேட்டில் அச்சடித்தபடியே கிடக்கும். இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள், மாற்றும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.

அப்படியென்றால் வழி என்ன? பெட்டி தானே வெளியே பேசட்டும். இப்போதைய அலாரங்களில் பெரும்பாலானவை தயாரிப்பாளரின் சேவையகத்தோடு தாமே தொடர்பு எடுத்துக்கொள்ளும், உங்கள் ஆப்பும் அங்கேதான் போய்ப் பார்க்கும். உள்ளிருந்து வெளியே போகிற தொடர்பைக் கேற்று மறிக்காது. ஆகவே 4ஜி போதும். ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற வசதியை, போட்டுவிடுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பி என்று ஒன்று இருந்தால் நிறுத்துங்கள். அது உங்களைக் கேட்காமலே போர்ட் திறக்கிற வேலை. பெட்டி பழசு, அந்த வசதி இல்லையென்றால் ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியொன்றில் டெயில்ஸ்கேல் வகை விபிஎன் (போனுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தனிப் பாதை) போடலாம், கேற்றுக்குள் இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் அதைப் பராமரிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். உங்களுக்கு அது சரிவராது. பழைய பெட்டிக்குச் சிம் போட்டு எஸ்எம்எஸ் அனுப்புகிற சிறு கருவியே போதும். அந்தச் சிம்முக்கு ரீலோட் போட மறந்தால் அலாரம் ஊமையாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி யாரும் சொல்லாத விசயம், கரண்ட். அலாரப் பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பற்றரி ஒன்று வழக்கமாக இருக்கும். கரண்ட் போனாலும் சைரன் கத்தும். ரவுட்டருக்கு அது இல்லை. ஆகவே வீடு இருட்டிலிருக்கும்போது, அதாவது கள்ளனுக்கு வசதியான நேரத்தில், உங்கள் போனுக்குத் தகவல் வராது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது, மறந்திருக்க மாட்டீர்கள். ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் கடைகளில் இருக்கிறது, அதை வாங்குங்கள். பெட்டியின் பற்றரியையும் மூன்று நான்கு வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். ஓட்டுக்குக் கீழே சூட்டில் வைத்திருந்தால் அதற்கும் முந்தி. ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுவது நம்மூர் வழக்கம். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அலாரத்தின் பிளக் எது, தொலைக்காட்சியின் பிளக் எது என்று காட்டிக் கொடுத்துவிட்டு வந்தீர்களா?

கொழும்பில் போன் சிணுங்கினால் நீங்கள் ஓடிவர ஓர் இரவு ஆகும். ஒழுங்கையில் யார் போய்ப் பார்ப்பார் என்று இப்போதே பேசி வையுங்கள். அவருடைய எண்ணும் பொலிஸின் 119 உம் ஆப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே ஆள் இருப்பதாகத் தெரிந்தால் அவர் உள்ளே போகக்கூடாது, வெளியே நின்று பொலிஸுக்கு எடுக்க வேண்டும்.

கேள்வி: மகன் கட்டாரில். அவனும் நானும் ஒரே கடவுச்சொல்லில் வீட்டு அலாரத்தைப் பார்க்கிறோம். பிழையா?
— அக்கரைப்பற்று

பதில்: பிழைதான், ஐயா. ஆப்பில் மகனுக்குத் தனிக் கணக்குத் திறந்து, பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். அறைத் தோழர் போனை எடுத்து விளையாடினாலும் அலாரம் நிற்காது. யார் எப்போது நிறுத்தினார் என்பதும் பெயரோடு பதிவாகும்.

கேள்வி: துணிக்கடை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூட்டிவிட்டுப் போனால் அலாரம் அடிக்கிறது. இரவில் ஒரு நாளும் அடித்ததில்லை.
— காத்தான்குடி

பதில்: நானா, உள்ளே மூலையிலிருக்கும் உணரி வெப்பம் அசைவதைத்தான் பார்க்கிறது, ஆளை அல்ல. மத்தியான வெயிலில் தகரம் கொதிக்க, மின்விசிறியை நிறுத்தாமல் போனால் தொங்குகிற துணி ஆடும். சூடான துணி ஆடுவதும் ஆள் நடப்பதும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும். பூட்டும்போது விசிறியை நிறுத்திப் பாருங்கள், உணரியின் கண்ணாடியில் பல்லி முட்டை, சிலந்திவலை இருந்தால் துடையுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. கடைக்குள் சூடு உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்தால் இதே உணரி உண்மையான ஆளையும் தவறவிடும். ஷட்டரில் காந்த உணரி ஒன்றைப் பூட்டிவிட்டால் வெயில் எப்படியென்றாலும் திறந்தால் அடிக்கும்.