ஐ.சி.யூ.வில் இருப்பவர் திடீரென்று ஏன் பிதற்றுகிறார்?

சுவரில் பூச்சி ஊர்கிறது, நர்ஸ் விஷம் வைக்கிறார் என்று தீவிர சிகிச்சையில் இருப்பவர் சொன்னால், அது பெரும்பாலும் டெலிரியம்: திடீரென வந்து, ஏறி இறங்கும் மூளைக் குழப்பம். காய்ச்சலோடு வந்தால் பாட்டிமார் ஜன்னி என்பார்கள். நோய்த்தொற்று, ஆக்சிஜன் குறைவு, மயக்க மருந்து, இரவு பகல் தெரியாத விளக்கொளி எல்லாம் சேர்ந்து மூளையைத் தடுமாற வைக்கின்றன.

மதியம் அயர்ந்து தூங்கி, அந்தியில் விழித்து, விடிந்துவிட்டதென்று பல் துலக்கப் போயிருக்கிறீர்களா? அந்த ஒரு நிமிடத் தடுமாற்றம் நாள்கணக்கில் நீடித்தால்?

வாதாடாதீர்கள். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிடுங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பலருக்குச் சில நாட்களில் தெளிந்துவிடும். மறதியும் கெட்ட கனவும் மட்டும் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

கத்திக் கலாட்டா செய்தால்தான் டெலிரியம் என்பது தவறு. பேசாமல் சுருண்டு கிடப்பவருக்கும் அது இருக்கலாம்.