வரைய எதுவுமே தோன்றாத நாளில் எதைப் பார்ப்பது?

வாசகர் கேள்வி: படத்தைப் பார்த்து வரைந்தால் ஓரளவு நன்றாகவே வருகிறது. சொந்தமாக வரையலாம் என்று ஸ்கெட்ச்புக்கைத் திறந்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. வேலை முடிந்து கிடைக்கும் அரை மணி நேரமும் பின்டரஸ்டில் ஐடியா தேடுவதிலேயே போய்விடுகிறது. இல்லஸ்ட்ரேஷன், அதாவது கதைக்குப் படம் வரைவது, அந்தப் பக்கம் போக ஆசை. தினமும் வரைய விஷயம் எங்கிருந்து பிடிப்பது?

பதில்: உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை, படம் பார்த்து வரைய முடிகிறதே. ஆனால் பின்டரஸ்டில் வரும் ஒவ்வொரு படத்திலும் எதை வைப்பது, எதை விடுவது, எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்ற வேலையை இன்னொருவர் ஏற்கெனவே முடித்துவிட்டார். அந்த வேலைதான் உங்களுக்குப் பழக வேண்டியது. அதற்கு அபூர்வமான காட்சி எதுவும் தேவையில்லை, சொல்லப்போனால் சாதாரணப் பொருள்தான் இன்னும் வசதி.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1493-இல், இருபத்திரண்டு வயதில், ஒரு தாளில் தன் முகத்தையும் ஒரு கையையும் ஒரு தலையணையையும் பேனாவால் வரைந்தார். அதே தாளைத் திருப்பினால் ஆறு தலையணைகள், வேறு எதுவும் இல்லை. ஒன்று நடுவில் அமுங்கியிருக்கும், ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கும், ஒன்றின் மூலை மடங்கியிருக்கும். அந்தத் தாள் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருக்கு வரைய விஷயம் கிடைக்காமல் தலையணையில் போய் நின்றார் என்று நான் நினைக்கவில்லை. துணி கசங்கும்போது என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருக்கிறார், அதற்குத் தலையணை தோதாக இருந்திருக்கிறது. இதே மனிதர்தான் 1503-இல் ஒரு பிடி புல்தரையை, மண்ணோடும் வேரோடும், நீர்வண்ணத்தில் அவ்வளவு நுணுக்கமாக வரைந்தார்.

ஆகவே உட்கார்ந்ததும் ‘எதை வரையலாம்’ என்று யோசிக்காதீர்கள், அந்தக் கேள்விக்கு முடிவே கிடையாது. கண்ணெதிரே இருப்பதில் ஒன்றை எடுங்கள், அதனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இதன் நிழல் எங்கே கருப்பாக இருக்கிறது, எங்கே மங்குகிறது? இதன் எடை எதன் மேல் இறங்குகிறது? இதைச் சுற்றியுள்ள காலி இடத்தின் வடிவம் என்ன?

நாற்காலி முதுகில் யாரோ போட்டுவிட்டுப் போன துண்டை எடுத்துக்கொள்வோம். பார்த்தவுடன் எங்கு பார்த்தாலும் மடிப்பாகத் தெரியும், பயமாகவும் இருக்கும். ஆனால் துணி எங்கே மாட்டியிருக்கிறது என்று மட்டும் முதலில் தேடுங்கள். ஒரே புள்ளியில் தொங்கினால் மடிப்புகள் அங்கிருந்து குழாய் குழாயாகக் கீழே இறங்கும். நாற்காலியின் இரண்டு மூலைகளில் மாட்டியிருந்தால் நடுவில் தொய்ந்து, வளைவு வளைவாக ஒன்றன்கீழ் ஒன்று விழும். மாட்டிய புள்ளிகளைக் குறித்துவிட்டு, அவற்றிலிருந்து கிளம்பும் கோடுகளில் அழுத்தமான நான்கைந்தை மட்டும் வரைந்தாலே அது துண்டு என்று தெரிந்துவிடும், மிச்ச மடிப்புகளை விட்டுவிடலாம். அப்புறம் ஒருவருடைய சட்டை முழங்கையில் ஏன் அப்படிச் சுருங்குகிறது என்பதும் தன்னால் கண்ணில் பட ஆரம்பிக்கும். அடுத்த நாளுக்கான விஷயம் இப்படித்தான் வரும், ஒன்றைப் பார்த்தது இன்னொன்றைக் காட்டும்.

ஒரே பொருளை வரைந்தால் சலிக்காதா என்று கேட்பீர்கள். இத்தாலிய ஓவியர் ஜியார்ஜியோ மொராண்டி பல பத்தாண்டுகள் அதே பாட்டில்களையும் ஜாடிகளையும் இடம் மாற்றி இடம் மாற்றி வரைந்துகொண்டே இருந்தார். இரண்டு பாட்டில்கள் ஒட்டி நிற்பதும் ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்பதும் வேறு வேறு படம். சந்தேகமிருந்தால் இன்றைக்கே வைத்துப் பாருங்கள்.

மனிதர்களை வரைய, காத்திருக்கும் இடங்களைவிட நல்ல இடம் இல்லை. அசைந்துவிடுவார்களே என்று தயங்க வேண்டாம். ஒரே பக்கத்தில் நான்கைந்து பேரைத் தொடங்கி வையுங்கள், ஒருவர் அசைந்தால் அடுத்தவருக்குப் போங்கள். பெரும்பாலும் அவர் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பி வருவார், உடம்புக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. முகத்தில் தொடங்காமல் தலை, தோள், இடுப்பு எந்தப் பக்கம் சாய்கின்றன என்று மூன்று கோட்டில் பிடியுங்கள். கனமான பை ஒரு தோளில் தொங்கினால் அந்தத் தோள் தூக்கிக்கொள்ளும், உடம்பு மறுபக்கம் சாயும். அந்தச் சாய்வு கிடைத்தாலே ஆள் கிடைத்த மாதிரி.

சரி, இதெல்லாம் ஸ்கெட்ச், இல்லஸ்ட்ரேஷன் எங்கே என்றால், அது வாரக் கடைசியில். அந்த வாரம் வரைந்ததில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள், ஸ்கெட்ச்புக்கை மூடிவிட்டு அவை மூன்றும் ஒரே காட்சியில் வருகிற மாதிரி நினைவிலிருந்து வரையுங்கள். துண்டு, சாய்ந்து நின்றவர், பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டு யாருடையது, அவர் எங்கிருந்து வந்தார், பாட்டிலை ஏன் அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று கதை தானாகக் கிளம்பும். பாட்டிலை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் கதையே வேறு. நினைவில் வராத இடங்கள் மொட்டையாக நிற்கும், அவையெல்லாம் நீங்கள் சரியாகப் பார்க்காத இடங்கள், திங்கட்கிழமை போய்ப் பார்க்கலாம். இந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன், பார்ப்பது கற்பனையாக மாறுவது இங்கேதான்.

எதிலும் மனம் ஒட்டாத நாளும் வரும். கறை படிந்த சுவரைப் பார், அதில் மலையும் போர்க்களமும் முகங்களும் தெரியும் என்று ஓவியர்களுக்கு லியனார்டோ டா வின்சி எழுதி வைத்திருக்கிறார். சுவரில் ஈரம் ஊறிய திட்டு, பெயர்ந்த பெயின்ட், எதுவும் போதும். திட்டின் வெளிக்கோட்டை அப்படியே வரைந்துகொண்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கத்தில் மூக்கோ வாலோ தட்டுப்படும்.

போனில் படம் எடுத்து வைத்து அப்புறம் வரையலாமா? எடுங்கள், ஆனால் அங்கேயே ஒரு நிமிடமாவது நேரில் பார்த்து வரைந்த பிறகு எடுங்கள். ரொம்பக் கிட்டப் போய் எடுத்த படத்தில் முன்னால் இருப்பது அளவுக்கு மீறிப் பெருத்துத் தெரியும், அதை அப்படியே வரைந்தால் படமும் கோணும். வரையவே நேரமில்லையா, ‘மாடிப்படியில் நிழல் ஒவ்வொரு படியிலும் உடைகிறது’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள், ராத்திரி வரைய அது போதும்.